ஐம்பதில் ஒரு பகையாளி

லியாவ் தியன்வாங்குக்கு இந்த உலகத்தில் பகையாளி ஒரே ஒருவர்தான். மற்ற எல்லோரிடமும் அவர் சும்மா கோபமாக இருப்பார், அவ்வளவுதான். மழை மேல் கோபம், தபால்காரர் மேல் கோபம், சோயாப் பாலில் சர்க்கரை கூடக் கேட்கிறவர் மேல் கோபம். அதெல்லாம் வந்து போகிற கோபம். பகையை மட்டும் ஒரு பெயிண்ட் கம்பெனிக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தார். அதன் பெயரை வாயால் சொல்லமாட்டார். "அந்தக் கம்பெனி" என்பார். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம்.

எங்கள் தீவில் சின்யிங் என்கிற ஊரில் இருந்த அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தார். பிரமாதமான வேலைக்காரர் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. பகை வந்தது அவர் வேலை பார்த்த கடைசி வருஷத்தின் வருஷ முடிவு விருந்தில். முதலாளி தொழிலாளிகளுக்குப் போடுகிற அந்த விருந்தில் மேசை நடுவே முழுக் கோழி வரும். அதன் தலை யாரைப் பார்த்து நிற்கிறதோ, புது வருஷத்தில் அவருக்கு வேலை இல்லை என்பது பழைய வழக்கம். இப்போதெல்லாம் மனசுள்ள முதலாளிகள் தலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவரச் சொல்வார்கள். வழக்கம் வெறும் கேலியாகிப் பல காலம் ஆயிற்று.

அன்றைக்குச் சேர்மன் கையில் மதுக் கோப்பையோடு ஒவ்வொரு மேசையாக வந்தார். தியன்வாங்கின் மேசைக்கு வந்ததும் சுழல் தட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்து மெல்லச் சுற்றினார். கோழித் தலை ஆடி ஆடி வந்து தியன்வாங்குக்கு நேர் எதிரே நின்றது. சேர்மன் சிரித்தார். மேசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். தியன்வாங்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

புது வருஷ விடுமுறை முடிந்து போனால், தொழிற்சாலை மூடப்படுகிறது, எல்லாம் கடல் தாண்டிச் சீனாவுக்குப் போகிறது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. முந்நூறு பேருக்கு வேலை போயிற்று. ஆனால் கோழி பார்த்தது தன்னை மட்டும்தான் என்று தியன்வாங் கணக்கு வைத்துக்கொண்டார். முந்நூறு பேரில் வேறு யாரும் அதை இவ்வளவு தூரம் இழுக்கவில்லை. ஒருத்தர் டாக்சி வாங்கினார், ஒருத்தர் கொய்யாத் தோட்டம் போட்டார். இவர் அந்தக் கம்பெனியின் பங்கு ஒன்றை வாங்கினார். ஒன்றே ஒன்று. ஒரு பங்கு இருந்தாலும் வருஷாந்திரக் கூட்டத்துக்குப் போகலாம், மைக்கைப் பிடித்துப் பேசலாம்.

முதல் வருஷம் டை கட்டிக்கொண்டு போய் எழுந்து நின்று கேட்டார்: "சேர்மன், அன்னிக்குக் கோழி ருசியா இருந்துச்சா?" கூட்டத்தில் இருந்தவர்கள் மதியச் சாப்பாட்டைப் பற்றி ஏதோ புகார் என்று நினைத்தார்கள். மைக்கை அணைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமும் போனார், அதற்கடுத்த வருஷமும் போனார். பங்குதாரர்களுக்குக் கொடுக்கிற அன்பளிப்புத் துண்டை வாங்காமல் திரும்பமாட்டார். அந்தத் துண்டால்தான் வீட்டில் தரை துடைக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு.

துடைத்தது யூலான், அவருடைய மனைவி. காலை உணவுக் கடையும் அவளுடையதுதான். விடிவதற்கு முன்னாலேயே இரும்புக் கல்லைக் காயவைத்து, முட்டைச் சுருளும் முள்ளங்கி அடையும் சுட ஆரம்பித்தால், பதினொரு மணிவரை கல்லை விட்டு நகர முடியாது. வேலை போன பிறகு தியன்வாங் கடைக்கு ஒத்தாசை என்று பெயர். ஒத்தாசை என்றால் எட்டரை மணிவரை சோயாப் பால் ஊற்றிக் கொடுத்து வாடிக்கையாளர்களை முறைப்பது. ஒன்பதுக்குப் பங்குச் சந்தை திறக்கும். அதற்குள் பங்குத் தரகர் அலுவலகத்துக்குப் போய்விடுவார். அங்கே பெரிய விலைப் பலகை, வரிசையாக நாற்காலிகள், ஓசித் தேநீர். ஊரில் வேலையில்லாத கிழங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

யூலானுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. நிற்பதைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். உட்கார்ந்துகொண்டு கல்லில் சுட முடியாது. கடையை விட்டால் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். அவருடைய பணிக்கொடைத் தொகை தபாலாபீசில் கிடந்தது. அதற்கு வருகிற வட்டி முட்டை விலை ஏறுவதற்கே காணாது. அவள் கேட்டது ஒன்றுதான். அந்தப் பணம் ஏதாவது சம்பாதிக்க வேண்டும், தான் கல்லை விட்டு இறங்க வேண்டும். வாடிக்கையாளர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஐம்பது கம்பெனி நிதி என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு தரகர் அலுவலகத்துக்கு வந்தாள்.

கவுன்ட்டரில் ஜியான் என்ற பெண் இருந்தாள். பொறுமைசாலி. கிழங்களோடு பழகிப் பழகி வந்த பொறுமை.

"நாட்டுல பெரிய கம்பெனி அம்பது இருக்குல்ல பெரியம்மா, அதை எல்லாம் சேர்த்து ஒரு குறியீடு. இந்த நிதி அதை அப்படியே வாங்கி வெச்சிருக்கும். பெரிய கம்பெனிக்குப் பெரிய பங்கு, சின்னதுக்குச் சின்னப் பங்கு. ஒண்ணு நொடிச்சுப் போனா அது வெளிய போயிரும், வளர்ந்தது உள்ள வந்துரும். நாம ஒண்ணும் பொறுக்க வேணாம். மூணு மாசத்துக்கு ஒருதடவை அவங்களே வரிசை பாத்து மாத்திருவாங்க."

"அப்ப நாடு நல்லா இருந்தா நமக்கும் நல்லா இருக்கும்," என்றாள் யூலான்.

"அவ்வளவுதான் பெரியம்மா. நடுவுல விழும், எழும். பயந்து ஓடாம இருக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஈவுத்தொகை வரும்."

தியன்வாங் அந்த ஐம்பது பெயரையும் காட்டச் சொன்னார். விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினார். நாற்பத்தேழில் விரல் நின்றது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"பெரிய கம்பெனிதானே பெரியப்பா."

"இதை எடுத்துட்டுக் குடு."

"எடுக்க முடியாது. வாங்கினா அம்பதும்தான்."

"முட்டைச் சுருள்ல வெங்காயத்தாள் வேணாம்னு ஒருத்தன் சொன்னா எம் பொண்டாட்டி போடாமத்தான் தர்றா. உனக்கு என்ன கேடு?"

"இது ஏற்கெனவே கலந்து வெச்ச மாவு பெரியப்பா."

"நூறு யுவான் போட்டா இவனுக்கு எவ்வளவு?"

ஜியான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அரை யுவான்கூட இல்ல. அதுவும் கம்பெனிக்குப் போகாது. பங்கை விக்கிறவங்களுக்குத்தான் போகும்."

"அரை யுவானா! அந்த ஆளுக்கு என் எச்சில்கூடக் கிடையாது!"

நாற்காலிகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஹோ என்கிற பழைய பஸ் டிரைவர், வாயில் பல்குச்சியோடு திரும்பினார். "தியன்வாங், உன் எச்சிலுக்குச் சந்தையில விலை சொல்லியிருக்காங்களா? பலகையில காணோமே!"

யூலான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாக்கி நாப்பத்தொம்பது பேர் உனக்கு என்ன பண்ணாங்க? கையெழுத்தைப் போடு."

அப்போதுதான் அவர் அந்தச் சபதத்தைச் செய்தார். மனைவி, ஜியான், ஹோ, ஓசித் தேநீர் குடிக்க வந்த இருபது கிழங்கள் எல்லோர் முன்னாலும் செய்தார். "அந்தக் கம்பெனி இந்த அம்பதுல இருந்து எப்ப வெளிய போகுதோ, அன்னிக்கு வாங்குறேன். அதுக்கு முன்னாடி ஒரு காசு போடமாட்டேன்." பணம் அவர் பெயரில் இருந்தது. அவர் பெயர் செதுக்கிய முத்திரைக் கட்டை அவர் கால்சட்டைப் பையில் இருந்தது. அது இல்லாமல் தபாலாபீஸ் ஒரு காசைக்கூடக் கொடுக்காது.

கடைசியில் இருக்கிற கம்பெனி சீக்கிரம் விழுந்துவிடும் என்று அவர் நம்பினார். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் அறிவிப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல ஜியானின் கவுன்ட்டரில் நிற்பார். இல்லை என்று அவள் தலையாட்டுவாள். ஒருமுறை அந்தக் கம்பெனி ஐம்பத்து மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டுக் குதித்துக்கொண்டு போனார். அப்படியெல்லாம் உடனே தூக்கமாட்டார்கள், அறுபதையும் தாண்டி விழ வேண்டும், இல்லாவிட்டால் வெளியில் இருப்பவர் யாராவது நாற்பதுக்குள் ஏறி வந்து கடைசி ஆளைத் தள்ள வேண்டும் என்றாள் ஜியான். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் எதிர்க் கடை பல் டாக்டர் வெளியே வந்து பார்த்தார்.

"தோத்தவனுக்குப் பத்து இடம் தள்ளி நாற்காலி போட்டு வெப்பாங்களா? எந்த ஊர் நியாயம் இது!"

தொற்றுநோய் வந்த வருஷம் சந்தை சரிந்தது. எங்களூரில் சிவப்பு ஏற்றம், பச்சை இறக்கம். பலகை முழுக்க வயல் மாதிரிப் பச்சையாகிவிட்டது. கிழங்கள் முகக்கவசத்துக்குள் அழாக்குறையாக உட்கார்ந்திருக்க, தியன்வாங் மட்டும் புகைபோட்ட வாத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தக் கம்பெனி ஒரே வாரத்தில் கால்வாசி விலை இழந்திருந்தது.

யூலான் வாத்தைத் தொடவில்லை. "எல்லாம் விலை விழுந்து கிடக்கு. இப்ப வாங்குனா நல்லதுன்னு ஜியான் சொல்றா."

"அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்."

"எல்லாரும்தானே விழுந்தாங்க? எல்லாரும் சேர்ந்து விழுந்தா அவன் இடம் எப்படி மாறும்?"

அவருக்கு அது உறைத்தது. ஆனால் உறைக்க வேண்டிய இடத்தில் உறைக்கவில்லை. விலை இல்லை, வரிசைதான் முக்கியம் என்று புரிந்துகொண்டார். அந்தக் கம்பெனி வெளியே போக அது விழ வேண்டியதில்லை; மற்றவர்கள் அதைத் தாண்டி ஏறினால் போதும். அன்றிலிருந்து மனிதர் அடியோடு மாறிவிட்டார். கப்பல் கம்பெனி ஏறினால் கைதட்டினார். இரும்புக் கம்பெனி ஏறினால் ஹோவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கணினிச் சில்லு செய்கிற கம்பெனிகள், அவற்றைப் பதிக்கிற பலகை செய்கிறவை, பெட்டி செய்கிறவை எல்லாவற்றையும் பெற்ற பிள்ளைகளைப் போலத் தட்டிக் கொடுத்தார். நாட்டில் ஒரு கம்பெனி பாக்கியில்லாமல் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். அதில் ஒன்றில்கூட அவருக்கு ஒரு பங்கு கிடையாது.

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு கும்பிடுற," என்றார் ஹோ. "ஏறுறதை எல்லாம் வாங்கினவன் ஏறுறான். நீ வெறும் கையைத் தட்டிட்டு இருக்க. உன்னை மாதிரி முட்டாள் இந்த ஜில்லாவுல கிடையாது."

"போடா பல்குச்சி," என்றார் தியன்வாங்.

ஏறத்தான் செய்தது. சில வருஷம் தள்ளாடியது, ஒரு வருஷம் பயங்கரமாக இறங்கியது, பிறகு நிற்காமல் ஏறியது. பலகை நாள் தவறாமல் சிவந்தது. யூலானுக்கு வலது முட்டி வீங்கி, கல்லுக்கு முன்னால் ஒரு காலை மரப்பெட்டி மேல் தூக்கி வைத்துக்கொண்டு சுட ஆரம்பித்தாள். ஒரு நாள் கொதிக்கிற சோயாப் பால் சட்டியோடு சறுக்கி, நல்லவேளை, சுவரில் போய் முட்டிக்கொண்டாள். அன்றைக்கு மதியம் அவர் வீட்டுக்கு வந்தபோது முட்டியில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த மூணு மாசம், அடுத்த மூணு மாசம்னு எவ்வளவு நாள் சொல்லுவ? எனக்கு முட்டி போச்சு."

"இப்ப அம்பத்தெட்டாவது இடம். இன்னும் கொஞ்சம்தான்."

"நான் எத்தனாவது இடம்?"

அவர் வாயில் வந்தது வசவுதான். "அந்த ஆள் எம் மூஞ்சிக்கு நேரா கோழியைத் திருப்பினப்ப நீ அங்க இருந்தியா? இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

"ஒரு கோழி பாத்ததுக்கு வாழ்நாள் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கற ஆளை நான் பாத்ததே இல்ல," என்றாள் அவள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. வாடிக்கையாளர்கள்தான் நடுவில் நின்று, "முதலாளியம்மா, அண்ணன்கிட்ட ரெண்டு பால் சொல்லுங்க" என்று தூது போனார்கள். பேசாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. அவருக்கு அறுபத்தோராவது இடம்தான் முக்கியம். அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்க வேண்டும் போல எங்களுக்கெல்லாம் இருந்தது.

ஒன்பதாவது வருஷம் டிசம்பரில் அது நடந்தது. பெரிய பெரிய கணினிகளைச் சூடு ஏறாமல் குளிர்விக்கிற கருவி செய்கிற கம்பெனி ஒன்று, அதுவரை யாரும் கண்டுகொள்ளாதது, சடசடவென்று ஏறி நாற்பதுக்குள் வந்துவிட்டது. வந்தவருக்கு இடம் வேண்டுமே, வரிசையில் கடைசியாக இருந்தவரைத் தள்ளினார்கள். தள்ளப்பட்டது அந்தக் கம்பெனி. ஜியான் தலையாட்டவில்லை, சிரித்தாள்.

தியன்வாங் கடைக்கு ஓடி வந்தார். நிஜமாகவே ஓடினார், அந்த வயதில். கூட்டமாக இருந்த நேரம். "போயிட்டான்! வெளிய போயிட்டான்! யூலான், அந்தக் கம்பெனியைத் தூக்கி எறிஞ்சிட்டாங்க!" அவள் கையில் இருந்த முட்டைச் சுருளைத் திருப்பிப் போட்டுவிட்டு, அடுப்பை அணைத்தாள். முன்கட்டுத் துணியை அவிழ்த்தாள். "வா," என்றாள். காத்திருந்தவர்களைப் பார்த்து, "இன்னிக்குக் கடை முடிஞ்சுது," என்றாள்.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்க, அவர் முன்னால் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தார். தரகர் அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஹோ தன் நாற்காலியை எடுத்து வந்து போட்டார். தியன்வாங் அதில் அமைச்சர் மாதிரி உட்கார்ந்தார், யூலான் நின்றாள். மொத்தத்துக்கும் வாங்கு, ஒரு காசு மிச்சம் வைக்காதே என்றார் ஜியானிடம்.

"சரி பெரியப்பா. இன்னிக்கு விலைக்கு..." ஜியான் தட்டினாள். எத்தனை கிடைக்கும் என்று சொன்னாள்.

யூலான் கேட்டாள்: "அன்னிக்கு, நாங்க முதல்ல வந்தப்ப வாங்கியிருந்தா எத்தனை வந்திருக்கும்?"

ஜியானுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. அவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். "அன்னிக்கு மூணரை பங்கு வாங்கின காசுக்கு இன்னிக்கு ஒண்ணு கிடைக்கும் பெரியம்மா. இடையில வந்த ஈவுத்தொகை வேற."

தியன்வாங் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி இருந்தார். "அதை விடு. அந்தக் கம்பெனி எவ்வளவு விழுந்திருக்கு? அதைச் சொல்லு."

"விழலையே பெரியப்பா."

"என்ன விழலை? வெளிய தள்ளியிருக்காங்களே?"

"அன்னிக்கு இருந்த விலையைவிட இன்னிக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கு. அது விழல. மத்ததெல்லாம் மேல போயிருச்சு, அதான் பின்தங்கிருச்சு."

ஹோ பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். கேலி செய்யத்தான் வாயைத் திறந்தார்; யூலானின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மற்றவையெல்லாம் மேலே போக வேண்டும் என்று ஒன்பது வருஷம் கைதட்டியவர் அவர்தான். மேலே போன அதே ஐம்பதைத்தான் அவள் வாங்கச் சொன்னாள். அந்தக் கம்பெனி வெளியே போக எது நடக்க வேண்டுமோ, அதுவே நடக்க நடக்க அந்த நிதியின் விலை அவர்கள் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. தினமும் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தும் அவருக்கு அது இப்போதுதான் தெரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆள்..." என்று ஆரம்பித்தார்.

"அந்த ஆள் அங்க சொகமா உட்கார்ந்துதான் இருக்காரு," என்றாள் யூலான். சத்தம் போடவில்லை. "நீயும் உட்கார்ந்துதான் இருந்த. நின்னது நான் ஒருத்திதான்."

ஜியான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யூலான் கையை நீட்டினாள். அவர் கால்சட்டைப் பையிலிருந்து முத்திரைக் கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"இன்னிக்கு விலைக்கே வாங்கும்மா," என்றாள் ஜியானிடம். "இன்னும் காத்திருந்தா அதுவும் போயிரும். ஈவுத்தொகை என் கணக்குக்கு வரணும்."

"இது கடை மூடுற அளவுக்கு வராது பெரியம்மா," என்றாள் ஜியான் தயங்கித் தயங்கி. "அன்னிக்கு வாங்கியிருந்தா வந்திருக்கும். இனிமே இன்னும் சில வருஷம் ஆகும்."

"தெரியுது."

வெளியே வந்தார்கள். இறங்குகிற மூன்று படியும் அவளுக்குப் பெரும்பாடு. அவர் கையை நீட்டினார்; அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகு, தியன்வாங் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கோபமில்லாத குரலில் பேசினார்.

"நாளையிலிருந்து கல்லுல நான் நிக்கிறேன்."

யூலான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீ நிக்கிறதால எம் முட்டி திரும்பி வராது," என்றாள். "ஆனா நில்லு."

மறுநாள் விடிகாலையில் கடை திறந்திருந்தது. முதல் சுருள் கருகியது, இரண்டாவது கிழிந்தது. ரயிலுக்கு ஓடுகிற ஒரு பையன், "அண்ணே, முதலாளியம்மா எங்க?" என்று கேட்டான். தியன்வாங் கல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உட்கார்ந்திருக்கா," என்றார்.